நாலாம் தடத்தின் கோடு

ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர்களுக்குப் பயம் இருக்கும்; அதைப் போக்குவது எப்படி என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பாடமே இருந்தது. கோடு போடுகிறவளின் பயத்தைப் போக்குவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் கொடைக்கானலுக்கு வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னும் கற்று முடிக்கவில்லை.

அது 1979. வில்பட்டியில் புதிதாகத் திறந்திருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் டிரில் டீச்சர். புஷ்பமேரி என்று பெயர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. எனக்குப் பிறவியிலேயே பயம் அதிகம். பெரிய மனிதர் யாராவது தொண்டையைக் கனைத்தால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். ஆனால் உள்ளே இருக்கிற வாய் மட்டும் சும்மா இருக்காது. அது பாட்டுக்கு எல்லோரையும் பேசிக்கொண்டே இருக்கும். வெளியே "சரிங்க சார்" என்பதோடு சரி.

எங்கள் மலையில் ‘மலைவட்டாரப் பள்ளிகள் விளையாட்டுக் கழகம்’ என்று ஒன்று இருந்தது. வருஷத்தில் ஒரு நாள் அது விளையாட்டு விழா நடத்தும். மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளில் மேடையில் யாருக்குப் பக்கத்தில் யார் உட்காருவது என்று பேசும். தலைவர் சேனாதிபதி. பண்ணைக்காட்டில் அவருக்குக் காப்பித் தோட்டமும், அவர் தகப்பனார் கட்டிவைத்த பள்ளிக்கூடமும், ஒரு ஜீப்பும் இருந்தன. செயலாளர் உபகாரம் சார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். ‘விதிப்படி’ என்று சொல்லாமல் அவரால் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. கழகத்தார் எல்லோருக்கும் நெஞ்சில் துணிப்பூ பேட்ஜ் உண்டு. பதவிக்குத் தக்க பூ. தலைவரின் பூ பரங்கிப்பூ அளவுக்கு இருக்கும், அதன் ரிப்பன் இடுப்பு வரை தொங்கும்.

ஓடுதளத்தில் நாலே தடங்கள், ஒரு சுற்று இருநூறு மீட்டர். எந்தப் பள்ளிக்கு எந்தத் தடம் என்பதைக் கழகம் எப்போதோ முடிவு செய்துவிட்டது. மூத்த பள்ளிக்கு உள்தடம், அடுத்து திறந்ததற்கு அடுத்த தடம். பந்தியில் பெரியவர்களை முதல் இலையில் உட்கார வைக்கிற மாதிரி. சேனாதிபதியின் பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் மூத்தது. எங்களுடையது கடைக்குட்டி. ஆகவே எங்களுக்கு எப்போதும் வெளித்தடம்.

எல்லோரும் ஒரே குறுக்குக் கோட்டில் நின்று ஓடுவார்கள், ஒரு சுற்று சுற்றி அதே கோட்டுக்கு வருவார்கள், சேனாதிபதியின் பள்ளிக்கூடம் ஜெயிக்கும். வருஷா வருஷம் இதுதான். கோப்பைகளை வைக்கப் பீரோவில் இடமில்லாமல் இரண்டை ஆபீஸில் பேனா போட வைத்திருந்தார்கள். "எங்க பிள்ளைகளுக்கு ஓட்டம் ரத்தத்துலயே ஊறிக் கெடக்கு" என்று சேனாதிபதி சொல்வார். கழகம் தலையாட்டும்.

கோடு போடுகிற வேலை கடைக்குட்டிப் பள்ளியின் கடைக்குட்டி டீச்சருக்கு என்பதும் கழகத்தின் வழக்கம். அந்த வருஷம் அது என் தலையில் விழுந்தது. நான் படித்ததைச் செய்தேன். வட்டத்தில் வெளியே ஓடுகிறவளுக்குச் சுற்று பெரிது, உள்ளே ஓடுகிறவளுக்குச் சிறிது. ஒரே கோட்டில் நிறுத்தினால் வெளியே இருப்பவள் கூடுதல் தூரம் ஓடவேண்டும். அதற்காக ஒவ்வொரு தடத்துக்கும் தொடக்கக் கோட்டைப் படிப்படியாக முன்னால் தள்ளிப் போடுவார்கள். முடிக்கிற கோடு எல்லோருக்கும் ஒன்று. எல்லோரும் ஓடுகிற தூரமும் ஒன்றாகிவிடும். அளந்து, சுண்ணாம்புப் பொடியால் போட்டேன். நாலாம் தடத்தின் கோடு முதல் தடத்தின் கோட்டுக்கு ஏறக்குறைய இருபது மீட்டர் முன்னால் போய் விழுந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. கணக்குச் சரியாக இருந்தால் போதுமா, பார்க்கிறவர்கள் கண்ணுக்குச் சரியாக இருக்க வேண்டாமா?

எங்கள் பள்ளிக்காக ஓட இருந்தவள் கண்மணி. அவள் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து வில்பட்டிப் பக்கம் குடிசை போட்டிருந்தது. அந்த வருஷம் இருநூறு மீட்டரில் முதலாவது வருகிற பெண்ணுக்கு மதுரையில் விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு, துணிமணி எல்லாம் அவர்களே. அவள் அப்பா நல்லையா காலையிலேயே மைதானத்துக்கு வந்து என்னிடம் சொல்லிவிட்டார்.

"டீச்சரம்மா, இது செயிச்சா மதுரைக்குப் போவட்டும். இல்லாட்டி திங்கக்கெழமையிலேருந்து பண்ணைக்காட்டுத் தொரை தோட்டத்துல காப்பிப் பழம் எடுக்கப் பேரு குடுத்துட்டேன். வூட்டுல இன்னும் மூணு வாயி இருக்கு பாருங்க."

பண்ணைக்காட்டுத் துரை என்றால் சேனாதிபதிதான். கண்மணி செருப்பில்லாத காலைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

பகல் முழுக்க வரவேற்பும் பொன்னாடையும் நடந்தன. நடுவில் கிடைத்த சந்துகளில் சில போட்டிகளும் நடந்தன. சாயங்காலம் உபகாரம் சார் மைக்கில் தலைவரின் பெருமைகளைச் சொல்லத் தொடங்கியபோது நான் விசிலும் கையுமாக இருநூறு மீட்டருக்குப் பெண்களை நிறுத்தினேன். உள்தடத்தில் சேனாதிபதியின் தங்கை மகள் சுந்தராம்பாள். நல்ல பிள்ளை. எல்லோரையும் பார்த்துச் சிரிக்கும். நடுத்தடங்களில் பூண்டிப் பள்ளியும் டவுன் பள்ளியும். வெளியே, எல்லோருக்கும் முன்னால், தன்னந்தனியாகக் கண்மணி.

விசில் ஊதினேன். உபகாரம் சார் "தன்னலமற்ற" என்ற இடத்தில் இருந்தபோது கண்மணி முடிவுக்கோட்டு ரிப்பனை அறுத்துவிட்டாள்.

பந்தலில் ஒரு கைகூடத் தட்டவில்லை. சேனாதிபதி எழுந்து நின்றார், பேட்ஜ் ரிப்பன் காற்றில் ஆடியது. "யாரும்மா அது, கோடு போட்டது?" என்றார். நான் விசிலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

கழகத்தின் அவசரக் கூட்டம் எப்போதும் அவர் ஜீப்பில்தான் நடக்கும். பந்தலில் பேசினால் ஜனங்கள் காதில் விழுமாம். ஐந்து பெரிய மனிதர்கள் ஒருவர் மடியில் ஒருவர் என்று ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை மட்டும் இறக்கினார்கள். நான் வெளியே நின்றேன். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது.

"என்ன டீச்சர் இது கூத்து? எல்லாரும் பின்னால நிக்கிறாக, உங்க பள்ளிக்கூடத்துப் புள்ள மட்டும் பாதி தூரம் போயி நிக்கிது. கேக்க ஆளில்லைன்னு நெனச்சீகளா?"

"சார், வெளிச் சுத்து பெருசுங்க சார். நெல்லுக் களத்துல மாடு கட்டிப் பிணையல் அடிக்கையில உள்மாடு நின்ன எடத்துலயே திரும்பும், வெளிமாடு ஓட வேண்டியிருக்கும்ல சார், அது மாதிரி..." என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினேன்.

ஜீப்புக்குள் ஐந்து தலைகள் ஒன்றுகூடின. பிறகு உபகாரம் சார், "பிள்ளைகள மாடுங்கறாங்க. இதையும் மினிட்ஸ்ல ஏத்திக்கணும்" என்றார்.

"ஐயோ, அப்படிச் சொல்லலைங்க சார்."

"சொன்னீங்களே. விதிப்படி நாலு பேர் சாட்சி இருக்கோம்."

சேனாதிபதி கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினார். "இந்தா பாருங்க டீச்சர். நான் வாழ்க்கையில யாருக்கும் முன்னால போயி நின்னவனில்ல. எல்லாரும் நிக்கிற கோட்டுலதான் நானும் நின்னேன். எங்கய்யா விட்டுட்டுப்போன தோட்டத்தையும், பள்ளிக்கூடத்தையும், இந்த ஜீப்பையும் தவிர எனக்கு யாரு என்ன குடுத்தா? சொந்தக் கால்ல முன்னுக்கு வந்தவன் நான்." கழகம் இடமில்லாத ஜீப்பில் கைதட்ட முயன்று ஒருவர் முழங்கை மற்றவர் வாயில் இடித்தது.

ஜீப் ஹார்ன் அடித்தது. தீர்மானம் ஆயிற்று என்று அர்த்தம். உபகாரம் சார் இறங்கி மைக்கில் அறிவித்தார்: முன்னால் நிற்பது ஒரு மரியாதை என்று கழகம் கண்டறிந்திருக்கிறது. மரியாதை மூத்த பள்ளிக்கே உரியது. ஆகவே மூத்த பள்ளி இனி வெளித்தடத்தில், முன்னால் நிற்கும். புதிய பள்ளி உள்தடத்தில், கடைசியில் நிற்கும். பந்தயம் மறுபடி ஓடப்படும்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. எங்கே நிறுத்தினாலும் தூரம் ஒன்றுதானே! ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? கையைக் கட்டிக்கொண்டு, "சரிங்க சார்" என்றேன்.

சுந்தராம்பாளை நாலு பேர் ஊர்வலமாக அழைத்துப்போய் முன்கோட்டில் நிறுத்தினார்கள். யாரோ அவளுக்கு மாலைகூடப் போட்டுவிட்டார்கள், அதைக் கழற்ற ஆள் தேடவேண்டியதாயிற்று. கண்மணி எல்லோருக்கும் பின்னால் வந்து நின்றாள். "டீச்சர், இன்னொருக்காவா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் மாரில் மூச்சு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விசில். பின்னாலிருந்து கிளம்பியவள் கடைசி நேர்த்தடத்தில் ஒவ்வொருத்தியாகப் பிடித்து, ரிப்பனை மறுபடியும் அவளே அறுத்தாள். ஜனங்கள் இந்தத் தடவை தட்டிவிட்டார்கள். தட்டாதீர்கள், தட்டாதீர்கள் என்று எனக்குள் கதறினேன். தட்டத் தட்ட ஜீப் கதவுகள் திறந்தன.

இரண்டாவது கூட்டம் சீக்கிரமே முடிந்தது. மறுபடி நான் கண்ணாடியோரம். உபகாரம் சார் கையில் அளவு நாடா இருந்தது. அவரே போய் அளந்துவிட்டு வந்திருந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"தலைவரே, நான் கண்டுபிடிச்சிட்டேன். உள்தடம் சின்னது! வெளித்தடத்தைவிட இருபது மீட்டர் கம்மி! அதனாலதான் அந்தப் பொண்ணு ஜெயிச்சிருக்கா."

நான் அரைமணி முன்னால் சொன்னதுதான். மாட்டை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கவேண்டும் போலிருக்கிறது. "அதுக்குத்தாங்க சார் கோட்டைத் தள்ளி..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க குறுக்க பேசாதீக டீச்சர்" என்றார் சேனாதிபதி. யோசித்தார். அவர் யோசித்தால் ஜீப்பே மூச்சுவிடாது. "சின்னச் சுத்துன்னா அது மூத்த பள்ளிக்கூடத்துக்குத்தான் சேரணும். எங்கய்யா காலத்துலருந்து அதுதானே வழக்கம். இந்தத் தள்ளிப்போட்ட கோட்டையெல்லாம் அழிச்சிருங்க. எல்லாரும் ஒரே கோட்டுல நிக்கட்டும். அதுதான் சமத்துவம்."

"விதிப்படி சரி" என்றார் உபகாரம் சார்.

ஹார்ன். நான் போட்ட கோடுகளை நானே காலால் தேய்த்து அழித்தேன். இதற்குள் பள்ளத்தாக்குப் பக்கமிருந்து மஞ்சு, அதாவது மலைப் பனிமூட்டம், மைதானத்தில் இறங்கத் தொடங்கிவிட்டது. எங்கள் மைதானத்தின் தூர வளைவு சரிவின் விளிம்பில் இருக்கும். அங்கே வெளித்தடத்துக்கும் சரிவுக்கும் நடுவே ஒரு முள்கம்பி வேலி, அதிலும் ஒரு இடத்தில் கம்பி கிடையாது, ஆடு போக யாரோ வெட்டிவிட்டார்கள். நான் அங்கே பார்த்தபோது வேலியைக் காணோம். அப்புறம் வளைவையும் காணோம். பிறகு பாதி மைதானத்தையே காணோம்.

அதுவரை இருந்தது வேலை போகிற பயம். இது வேறு பயம். நேராகப் பந்தலுக்கு ஓடினேன்.

"சார், மஞ்சு எறங்கிருச்சுங்க. வளைவுல வேலி கண்ணுக்குத் தெரியல. நாளைக்கு வச்சுக்கலாங்க சார். உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

சேனாதிபதி போண்டாவை மென்று விழுங்கினார். "மஞ்சு எல்லாருக்கும் சமமாத்தானே எறங்குது? யாரு ஒருத்தருக்கு மட்டும் எறங்குது? வெரசா ஆரம்பிங்க. இருட்டுறதுக்குள்ள நான் பண்ணைக்காடு எறங்கணும், ஆயிரம் சோலி கெடக்கு."

"வளைவுல பாக்குற நடுவர்களாவது நிக்கட்டுங்க சார்..."

"அவங்க டீ குடிக்கிறாங்க மேடம். விதிப்படி இடைவேளை" என்றார் உபகாரம் சார்.

கண்மணியிடம் போனேன். அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். "கண்மணி, வேண்டாம்னா சொல்லிரு. உடம்பு சரியில்லைன்னு நான் சொல்லிர்றேன்" என்றேன். வளைவில் கால் தவறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் வாயால் சொல்லவில்லை.

அவள் நிமிராமலே, "ஓடலைன்னா திங்கக்கெழம தோட்டத்துக்குப் போவணும்ல டீச்சர்" என்றாள்.

நாலு பேரும் ஒரே கோட்டில் நின்றார்கள். உள்ளே சுந்தராம்பாள், வெளியே கண்மணி. அழகான, நேரான, சமமான கோடு. போட்டோ எடுத்தார்கள். விசிலை வாயில் வைத்தேன். காற்றுத்தான் வந்தது, சத்தம் வரவில்லை. இரண்டாவது தடவை ஊதினேன். நாலு பேரும் ஓடினார்கள், மஞ்சு நாலு பேரையும் வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆள் இல்லை, காலடி இல்லை. பந்தலில் கப்பும் சாஸரும் மோதுகிற சத்தம் மட்டும். வேலியில் வெட்டிய இடம் என் கண்முன் பெரிதாகிக்கொண்டே போனது. மாதாவே, அவள் தோற்றுப்போகட்டும், தோட்டத்துக்குப் போகட்டும், காலும் கையுமாக வந்தால் போதும் என்று வேண்டினேன். சத்தமாகவே வேண்டிவிட்டேன் போலிருக்கிறது. நல்லையா பக்கத்தில் வந்து நின்றார்.

"பயப்புடாதீங்க டீச்சரம்மா. அது பொறந்ததே மஞ்சுக்குள்ளதான். சிலோன் தோட்டத்துல லயத்து வீட்டுக் கதவத் தொறந்தா எதுத்த லயம் தெரியாது." சொன்னாரே தவிர, என் புடவை முந்தானையின் நுனியைத் தான் பிடித்துக்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை.

முதலில் மூச்சு கேட்டது. ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு மூச்சு. பிறகு சுண்ணாம்பு படிந்த இரண்டு கால்கள். கண்மணி ரிப்பனோடு சேர்ந்து தரையில் விழுந்தாள். நான் ஓடிப்போய் அள்ளிக்கொண்டேன். அவள் நெஞ்சு என் கையில் குதித்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

சேனாதிபதி பந்தலைவிட்டு இறங்கி வந்தார். "வளைவுல ஆரு பாத்தா? மஞ்சுக்குள்ள குறுக்க விழுந்து ஓடியாந்திருப்பா. இருபது மீட்டர் கூடச் சுத்துறவ எப்படிம்மா முன்னால வருவா?"

இருபது மீட்டர் கூட என்று அவர் வாயாலேயே சொன்னதைக் கழகத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. "விதிப்படி சாட்சி இல்லை. மறுபடி..." என்று உபகாரம் சார் ஆரம்பித்தார்.

"நான் பாத்தேன் மாமா."

சுந்தராம்பாள். அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "வெளிப்பக்கமாத்தான் வந்தா. வேலிக்கிட்ட எனக்குப் பயமாயி நின்னுட்டேன். அவ, ‘நிக்காத, கோட்டப் பாத்து வா’ன்னு சொல்லிட்டுத் தாண்டிப் போனா."

"நீ சும்மா இரு பாப்பா."

"முடியாது மாமா. இன்னொருக்கா ஓடச் சொன்னீங்க, சத்தியமா நான் செத்தே போயிருவேன்." சொல்லிவிட்டு அவர் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

ஜீப் கூட்டம் நடக்கவில்லை. சேனாதிபதி செருப்பைப் புல்லில் துடைத்தார். துடைத்து முடிப்பதற்குள் அவருக்கு ஞானம் வந்துவிட்டது. நேராக மைக்குக்குப் போனார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இன்று இந்த மைதானத்தில் ஒரு மகத்தான உண்மை நிரூபணமாகிவிட்டது. ஏழைத் தொழிலாளியின் மகள் ஒருத்தி, எல்லோரோடும் ஒரே கோட்டில் நின்று, வெளித்தடத்தில் ஓடி வென்றிருக்கிறாள். யாரால்? இந்தக் கழகத்தால்! சலுகைக் கோடு போட்டு அவளை அவமானப்படுத்தப் பார்த்தார்கள். நாம் விடவில்லை. அவளுக்கு அது தேவையில்லை என்பதை அவளைக்கொண்டே நிரூபித்தோம். அவளுக்கே தேவையில்லை என்றால் வேறு யாருக்குத் தேவை? இனி எந்தக் காலத்திலும் எங்கள் மைதானத்தில் ஒரே கோடுதான். மூத்த பள்ளி வழக்கம்போல் உள்தடத்தில்!"

கைதட்டல் மலையில் எதிரொலித்தது. நல்லையாவும் தட்டினார், பாவம், மகள் ஜெயித்த சந்தோஷம் அவருக்கு. தீர்மானத்தை வழிமொழிய என்னைக் கூப்பிட்டார்கள். கோடு போட்டவளே வழிமொழிந்தால் நன்றாயிருக்கும் என்றார் உபகாரம் சார். மைக் முன்னால் போய் நின்றேன். சொல்லிவிடவேண்டும், அடுத்த வருஷம் நாலாம் தடத்தில் நிற்கப்போகிற பிள்ளை கண்மணி அல்லவே என்று சொல்லிவிடவேண்டும் என்று மூச்சை இழுத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அந்த மாதக் கடைசியில் கண்மணியை நான்தான் மதுரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விடுதியில் விட்டேன். வத்தலக்குண்டு இறங்கும்வரை பஸ்ஸில் அவள் வாந்தி எடுத்தாள், அதற்கப்புறம் வெயிலைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வந்தாள். விடுதி மைதானத்தில் எட்டுத் தடம். சுண்ணாம்புக் கோடுகள் படிப்படியாக, பார்க்கப் பார்க்க அழகாக, முன்னால் போய்க்கொண்டிருந்தன. யாரும் அவற்றைப் பார்த்துக் கோபப்படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சியாளர் நல்ல மாதிரி. புதுப்பிள்ளைகளை ஓடவைத்துப் பார்க்கலாம் என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு தடம் கொடுத்தார். கண்மணிக்குக் கடைசித் தடம். அவளுடைய கோடு எல்லோருக்கும் முன்னால் தெரிந்தது. அவள் அதுவரை போனாள், குனிந்து பார்த்தாள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அதே தடத்தில் பின்னோக்கி நடந்து, முதல் தடத்துப் பெண்ணுக்கு நேராக வந்து நின்றுகொண்டாள்.

"ஏம்மா, உன் கோடு அங்கல்ல இருக்கு? ஏன் பின்னால வந்துட்ட?" என்றார் பயிற்சியாளர்.

"இங்கயே நிக்கிறேன் சார்" என்றாள் கண்மணி, கையைக் கட்டிக்கொண்டு. "அங்க நின்னா மூணு தடவ ஓடணும். இங்க நின்னா ஒரு தடவையோட விட்டுருவாங்க."